அன்ரனிற்றா மொழிபெயர்க்க மறுத்த பொய்

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் கிடைத்தது. டோர்ட்மண்டுக்கு அருகே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று, சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர் கதைத்துக்கொண்டார்கள். "பிறக்ரிகும் செய்ய வந்த பெட்டை, ஒரு குடும்பத்தையே குழப்பிப்போட்டாள்." அவ்வளவுதான். மற்றவர் தலையை ஆட்டினார். பெட்டை என்ன செய்தாள் என்று இருவருமே சொல்லவில்லை.

[கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்கள் பக்கத்துக் கதைதான் கிடைத்திருக்கும்.]

ஆகவே மிச்சத்தை நானே புனைகிறேன். பெட்டையின் பக்கம் நின்றுதான் எழுதுவேன். நடுநிலை வேண்டுவோர் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "டோர்ட்மண்டில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு..." வேண்டாம். டோர்ட்மண்டில் மழை ஒரு செய்தியா?

அடுத்தது: "சமூகப்பணியின் அடிப்படை அறம் என்னவெனில்..." இதை எழுதியவனை நானே எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன்.

இது நிற்கட்டும்: அன்ரனிற்றா சமூகப்பணி படிக்கிறாள். படிப்பின் ஒரு பகுதியாக ஏதாவதொரு தொண்டு அமைப்பில் சில மாதங்கள் வேலை பழக வேண்டும். அதுதான் பிறக்ரிகும். கூடப் படித்தவர்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போனார்கள். அவள் தமிழர் உதவிச் சங்கத்துக்கு வந்தாள். தேவாலயம் இரவல் தந்த மண்டபம், புதன்கிழமைக் கூட்டம், எல்லாவற்றுக்கும் பொறுப்பு முருகேசன் அண்ணை. ஜெர்மன் மொழியான டொச் வராதவர்களோடு டொக்ரரிடம் போய் மொழிபெயர்ப்பதும் அவள் வேலை.

[முதல் வரைவில் அவள் எதற்கும் அஞ்சாதவள். எனக்கே நம்ப முடியவில்லை. இப்போதையவள், தொலைபேசி அடித்தால் எடுக்கத் தயங்குகிறவள். அவளுடைய தமிழைக் கேட்டு உறவினர்கள் சிரிக்கச் சிரிக்க வளர்ந்தவள்.]

3

சுந்தரேஸ்வரி ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தவர். நாள்பட்ட வயிற்றுவலி. பரிசோதனை முடிவு கேட்க, மொழிபெயர்க்க அன்ரனிற்றாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன், அவர் கணவர் செல்வராசா அன்ரனிற்றாவை ஒரு பக்கமாக அழைத்தார்.

"பிள்ளை, கூடாத வருத்தமெண்டு டொக்ரர் சொன்னால் அதை அவவுக்குச் சொல்லாதையுங்கோ. சின்னக் கட்டி, வெட்டினாச் சரியெண்டு சொல்லுங்கோ."

"அது பொய்யெல்லோ, அங்கிள்?"

"அவ தாங்கமாட்டா. இவ்வளவு காலமும் நான்தானே பாக்கிறன், எனக்குத் தெரியாதே?"

அவரைக் கெட்டவராக எழுதினால் என் பாடு சுலபம். ஆனால் அதைச் சொல்லும்போது மனைவியின் மருத்துவக் காப்புறுதி அட்டையை அவர் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். அதை எழுதிய பிறகு அவரைத் திட்ட எனக்கு வரவில்லை.

உள்ளே, டொக்ரர் சுற்றிவளைக்காமல் சொன்னார். பெருங்குடலில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை செய்யலாம். அதிகம் தள்ளிப்போட முடியாது. சொல்லிவிட்டு அன்ரனிற்றாவைப் பார்த்தார். செல்வராசாவும் அவளைத்தான் பார்த்தார். சுந்தரேஸ்வரியும்.

அன்ரனிற்றா வாயைத் திறந்து, சின்னக் கட்டி என்று

[இப்படியும் எழுதிப் பார்த்தேன். சுந்தரேஸ்வரி சிரித்தார். எதற்கென்று தெரியாமலே ஒப்புதல் தந்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.]

அன்ரனிற்றா கதிரையைச் சுந்தரேஸ்வரியின் பக்கம் திருப்பினாள். "அன்ரி, டொக்ரர் சொன்னதெல்லாம் உங்களுக்கு அப்பிடியே தெரியவேணுமோ? இல்லாட்டி அங்கிளோட மட்டும் கதைக்கட்டோ?"

"என்ர வயித்தைப் பற்றித்தானே கதைக்கிறியள்? எனக்குச் சொல்லும்."

"உங்கட குடலில... புற்றுநோய் இருக்குதாம்."

அவள் நாக்கில் அந்தச் சொல் உருக்குலைந்து வந்தது. சுந்தரேஸ்வரிக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை, நிறுத்தி, தெளிவாகச் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் முறையைவிட அதுதான் கொடுமை. பிறகு அறுவைச் சிகிச்சையைப் பற்றியும், அதைத் தள்ளிப்போட முடியாததையும் சொல்லி முடித்தாள்.

சுந்தரேஸ்வரி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கணவரிடம் கேட்டார்: "உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"சாடையாத் தெரியும்."

"டொக்ரரைக் கேளும், பிள்ளை. ஒப்பரேசன் வேண்டாமெண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்கோ?"

இருக்கிறது என்றார் டொக்ரர்.

"அப்ப யோசிச்சுச் சொல்லுறன். நான் யோசிச்சு."

4

செல்வராசா சங்கத்துக்குப் போய் முறையிட்டார். முருகேசன் அண்ணை அன்ரனிற்றாவை இருத்தி வைத்துக் கதைத்தார்.

"தங்கச்சி, நீர் செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்ல. எண்டாலும் சனம் வராட்டி சங்கமில்லை. போய் ஒரு மன்னிப்புக் கேளும்."

"உண்மையைச் சொன்னதுக்கோ, அண்ணை?"

"இல்லாட்டி பிறக்ரிகும் முடிச்சதெண்டு என்னால கையெழுத்து வைக்க ஏலாது."

"வையாதேங்கோ. மன்னிப்புக் கேக்க எனக்கும் ஏலாது."

விஷயம் கேள்விப்பட்ட கல்லூரி ஆசிரியை தொலைபேசியில் பரிவாகப் பேசினார். வேறு நல்ல இடம் இருக்கிறது, உடனே மாற்றித் தருகிறேன் என்றார். அன்ரனிற்றா அதற்கும் மறுத்தாள். இப்போது போனால் பிழை செய்தவள் போல ஆகிவிடும். இங்கேயே முடிப்பேன் என்றாள். தொலைபேசியை வைத்த பிறகுதான் அழுதாள்.

5

புதன்கிழமை அவள் மண்டபத்துக்கு வந்தாள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். அதை எடுக்கவும் ஆளில்லை.

அப்போது சுந்தரேஸ்வரி வந்தார். தனியாக. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் கான்சர்" என்றார், நின்றபடியே. "உங்களுக்கெல்லாம் தெரியும்தானே? இந்தப் பிள்ளை சொல்லாட்டி, நீங்கள் எல்லாரும் தெரிஞ்சுகொண்டு எனக்கு பிஸ்கற் நீட்டியிருப்பியள். எனக்கு மட்டும் தெரிஞ்சிராது."

அவர் அன்ரனிற்றாவிடம் திரும்பினார்.

"உம்மில எனக்கு இன்னும் கோபம் போகேல்ல. அண்டையில இருந்து எனக்கு நித்திரையில்லை. எண்டாலும் டொக்ரரிட்டப் போற அடுத்த ரேர்மினுக்கும் நீர்தான் வரவேணும்."

"வாறன், அன்ரி."

"முருகேசன் அண்ணை, நீங்கள் வைக்கமாட்டன் எண்ட கையெழுத்தை இந்தப் பிள்ளைக்கு வையுங்கோ."

6

சிகிச்சை வெற்றி, செல்வராசா மனம் மாறினார்: ஒரு முடிவு. அடித்தாயிற்று. செத்தவீடு, அங்கே அன்ரனிற்றா: இன்னொன்று. அதையும் அடித்தாயிற்று. சுந்தரேஸ்வரி பிழைத்தாரா என்று கேட்காதீர்கள். அவர் உடம்பைப் பற்றிய செய்தியை அவருக்கு முன் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

முருகேசன் அண்ணை பேனாவைப் பிடித்தபடி நிற்கிறார். நல்ல மனிதர். பயந்தவர். அந்தக் கையெழுத்தை நான் போடப்போவதில்லை. அது வாசிக்கும் உங்கள் பொறுப்பு. நீங்களும் போட மாட்டீர்கள் என்றால், வரிசையில் நின்று முதுகுக்குப் பின்னால் கதைக்க வேண்டாம். அன்ரனிற்றா மண்டபத்தில்தான் நிற்கிறாள். போய் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.