பிரிக்காத பை

கையில் பையோடு அவள் இல்லத்து வாசலில் வந்து நின்றால் மற்றப் பெண்கள் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். படுக்கையில் கிடக்கும் வயசாளிகளை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த உயிர் இருக்கிறவரை அவளுக்கும் ஒரு கூரை. அது போய்விட்டால், வீடற்ற பெண்களுக்கான இந்த இல்லத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அதனாலேயே இங்கே அவளுக்குச் 'சாவுச் செய்தி' என்று பட்டப்பெயர். கேலியாக வைத்ததுதான். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள்.

"யாரு, அந்த டீச்சரம்மாவா?" என்று கேட்டாள் இல்லத்துச் சமையல்காரி.

"ம். காலையில. சொந்தக்காரங்க வந்து தங்கணுமாம், ரூமை உடனே ஒழிச்சுக் குடுன்னுட்டாங்க. கிட்டப் போயி முகத்தக்கூட பாக்க விடல."

ஜன்னலோரக் கட்டிலில் நிறைமாதக்காரி ஒருத்தி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அது சாவுச் செய்தி வழக்கமாகப் படுக்கிற கட்டில். அவளுடையது என்று அதில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இருந்தாலும் வயிறு எரிந்தது. பிறகு அந்தப் பெண்ணின் கணுக்கால் வீக்கத்தைப் பார்த்ததும், எரிந்ததற்காக வெட்கமாக இருந்தது.

வார்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சாப்பாட்டு ரூம்லகூட பாய் போட்டாச்சு. இன்னைக்கு என் ஆபீஸ்ல படுத்துக்குங்க. நாளைக்கு என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல."

நல்லவள். நல்லவளாக இருந்து என்ன செய்ய, சுவரையா தள்ளிவைக்க முடியும்?

வேலை பிடித்துத் தரும் ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

"ஒரு பெரியவர் இருக்காரு. ஆனா கடைசிக் கட்டம்" என்றான்.

முன்பெல்லாம் சம்பளம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பாள்.

"எத்தனை நாள் தாங்குவாரு?"

"நான் என்ன எமனா? போறியா இல்லையா, அதச் சொல்லு."

மறுநாள் போனாள். பெரியவரின் மருமகள் மரியாதையாகத்தான் பேசினாள். "பையெல்லாம் பிரிக்க வேண்டாம்மா. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. மாமா எதுவும் சாப்பிடறதில்ல, அவரே போதும்னு சொல்லிட்டாரு. நீங்களும் வற்புறுத்தாதீங்க."

தலையாட்டினாள். தான் பார்த்துக்கொண்ட வயசாளிகளின் பிள்ளைகள் எத்தனையோ பேரிடம் இதையே அவள் சொல்லியிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டவர்களை வதைக்கக் கூடாது, நிம்மதியாக விட்டுவிடுங்கள் என்று. சொன்னபோதெல்லாம் மனதாரத்தான் சொன்னாள். பிரிக்காத பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்தாள். ஒரு பாய் விரிக்க அங்கே இடம் இருந்தது. காற்றும் வந்தது.

மருமகள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு, தனக்கென்று கொடுத்திருந்த கஞ்சியை மூலையிலிருந்த ஸ்டவ்வில் சூடாக்கினாள். பெரியவரின் தலையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டாள். சுத்தமாகக் கனம் இல்லை.

"ஒரே ஒரு வாய், ஐயா."

அவர் கண்ணைத் திறந்தார். பார்வை தெளிவாக இருந்தது. "போதும்மா."

"ஒரு வாய்தான்."

"யாருக்காக?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "எனக்காக" என்றாள்.

பெரியவர் அவளையே பார்த்தார். பார்வை மெல்ல நகர்ந்து சுவரோரம் இருந்த பையில் போய் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு, சிரமப்பட்டு, வாயைத் திறந்தார்.

ஊட்டினாள். கஞ்சி தொண்டையில் இறங்காமல் கடைவாய் வழியே திரும்பி வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடி ஸ்பூனைக் கிண்ணத்தில் விட்டாள். அவர் வாயை மூடாமல் காத்திருந்தார்.