ஒண்ணுமில்ல

எனக்கு எந்த நோயும் கிடையாது. சர்க்கரைகூட இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு வருஷத்துக்குள் எனக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது, நெஞ்சுவலி வந்திருக்கிறது, ஒருமுறை பிரசவத்துக்குக்கூட அட்மிட் ஆகியிருக்கிறேன். எல்லாம் என் மனைவி ஹம்சவேணியின் இங்கிலீஷ் பரீட்சைக்காக.

அவள் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஐசியூ நர்ஸ். அயர்லாந்துக்கு வேலைக்குப் போக, நர்ஸுகளுக்கென்றே நடக்கும் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாவற்றிலும் நல்ல மார்க். பேசுவதில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. அந்தத் தேர்வில் எதிரே உட்காருபவர் நோயாளியாக நடிப்பார். இவள் நர்ஸாகப் பேச வேண்டும். தினமும் செய்கிற வேலையிலேயே ஃபெயில் ஆவாளா என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

நான் துளசிராம். மதுரை செல்லூரில் நாலு தறி போட்டுத் துண்டு நெய்கிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். அதை இங்கே தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முயற்சிக்காக அவளைக் கோரிப்பாளையத்தில் ஆஷ்லின் மிஸ்ஸிடம் சேர்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மருந்துக் கடை மாடியில் சொந்தமாக வகுப்பு நடத்துகிறவர். வயதில் என்னைவிடச் சின்னவர், அதட்டலில் பெரியவர்.

முதல் நாள் அழைத்துப் போக வந்த என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "அண்ணே, நீங்கதான் பேஷண்ட். நாளைக்கு ஆபரேஷன். பயந்துக்கிட்டு இருக்கீங்க. இவங்கள சிஸ்டர்னு கூப்பிடுங்க" என்றார். கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடும் கொடுமையும் நடந்தது. "ஐ ஃபியர், சிஸ்டர்" என்றேன். ஹம்சவேணி சட்டென்று என் தோளைத் தட்டி, "நத்திங் சார், நத்திங், டோன்ட் வொர்ரி" என்றாள்.

மிஸ் கையைத் தட்டி நிறுத்தினார். "சிஸ்டர், உங்க இங்கிலீஷ்ல குத்தமே இல்ல. இந்த நத்திங்தான் உங்கள ரெண்டு வாட்டியும் கவுத்திருக்கு. அவர் பயமா இருக்குங்கிறாரு, நீங்க இல்லங்கிறீங்க. ஆமா, நீங்க பயந்திருக்கீங்க, எனக்குத் தெரியுதுன்னு மொதல்ல சொல்லணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

"பயந்தவங்ககிட்டப் போயி நீங்க பயந்திருக்கீங்கன்னு சொன்னா, இன்னும் பயந்துற மாட்டாங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் குழந்தை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கி, விழுந்த தரையை நாலு அடி அடித்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்போம். முழங்காலில் ரத்தம் வழியும், அப்போதும் ஒண்ணுமில்லதான். அப்படித்தான் எல்லோரும் வளர்ந்தோம். ஹம்சவேணியின் "ஒண்ணுமில்லம்மா"வைக் கேட்டால்தான் ஊசிக்குக் கையை நீட்டுவோம் என்று அடம்பிடிக்கிற நோயாளிகளே இருக்கிறார்கள்.

மிஸ் விடவில்லை. பயத்துக்கு இங்கிலீஷில் என்னென்ன வார்த்தை உண்டோ அத்தனையையும் போர்டில் எழுதினார். லேசாக மனசு சரியில்லை என்றால் அன்ஈஸி. வரப்போவதை நினைத்துக் கவலை என்றால் ஆங்ஷியஸ். கால் ஓரிடத்தில் நிற்காவிட்டால் ரெஸ்ட்லெஸ். தடுமாறிக் கையில் இருப்பதைக் கீழே போட்டால் ஃப்ளஸ்டர்ட். கெட்ட சேதி கேட்டு ஆடிப்போனால் ஷேக்கன். எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் போனால் ஓவர்வெல்ம்ட். தமிழில் மட்டும் குறைச்சலா என்று எனக்கு ரோஷம் வந்தது. படபடப்பு, பதற்றம், கலக்கம், தவிப்பு என்று வீடு திரும்பும்போது வண்டி ஓட்டிக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். நம்மிடமும் ஏராளம். ஆனால் எதையும் அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அவர் போன பிறகு அடுத்தவரிடம் சொல்வோம்.

அதிலிருந்து வீட்டிலும் நான்தான் நோயாளி. துண்டு மடித்துக்கொண்டே பிரசவ வலியில் துடித்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் காவ்யஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். "யூ லுக் ஆங்ஷியஸ், சார்" என்று ஹம்சவேணி ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பாள். சொன்ன வாய் மூடுவதற்குள் "நத்திங், நத்திங்" வந்துவிடும்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தேறினால் போய்விடுவாள். எங்களை அழைத்துக்கொள்ள இரண்டு வருஷமாவது ஆகும். தேறாவிட்டால் அழுவாள், அதையும் என்னால் பார்க்க முடியாது. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் "அதுக்கென்ன, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் மிஸ் என் மேல் பாய்ந்தார். "அண்ணே, நீங்க பேஷண்ட் மாதிரியா இருக்கீங்க? கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கீங்க. பொய்யா பயந்தா இவங்களுக்கு எப்படிப் பதில் வரும்? நெசமாவே எதுக்குப் பயப்படுறீங்களோ அத நெனச்சுச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க."

ஏதாவது ஊசி, மருந்து என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "நீங்க போயிட்டா எங்கூட யாரும் இருக்க மாட்டாங்க, சிஸ்டர்" என்றேன்.

ஹம்சவேணி கையிலிருந்த பயிற்சி அட்டையைப் பார்த்தபடியே என் தோளைத் தட்டினாள். "நத்திங் சார், நத்திங்."

"என்ன ஒண்ணுமில்ல?" என்று கத்திவிட்டேன். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரக் கூப்பிடுவேன்? அவ வயசுக்கு வந்தா அவகிட்ட நான் என்ன பேசுவேன்? பகல் பூரா தறிச் சத்தம், வீட்டுக்கு வந்தா பேச ஆளிருக்காது. இதெல்லாம் ஒண்ணுமில்லையா?" கையை வீசியதில் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். போர்டில் இருந்த அத்தனை வார்த்தைகளும் ஒரே நிமிஷத்தில் எனக்கே நடந்துவிட்டன. அவமானமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

துடைக்கத் துணி எடுக்கிறேன் என்று மிஸ் உள்ளே போனார். போனவர் சீக்கிரம் திரும்பவில்லை. ஹம்சவேணி அட்டையைக் கீழே வைத்தாள். அவள் கை என் தோளைத் தட்ட வந்து பாதியில் நின்றது. பிறகு, நாடி பார்க்கிற மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ரொம்பப் பயந்து போயிருக்கீங்க, இல்ல?" என்று எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு மீசை முளைத்த பிறகு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஆமா" என்றேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மிஸ் வரும்வரை கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அது அவளுக்கும் தெரியும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பரீட்சையில் அவளுக்கு வந்தது, குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தவிக்கும் ஒரு தாய். என்ன பேசினாய் என்று கேட்டேன். "உங்களத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள். தேறிவிட்டாள்.

போன மாதம் மதுரை ஏர்போர்ட்டில் வழியனுப்பினோம். பெட்டியோடு அவள் கண்ணாடிக் கதவுக்குள் மறைந்ததும் காவ்யஸ்ரீ அழ ஆரம்பித்தாள். என் அக்கா ரங்கநாயகி அவளை இழுத்து அணைத்து, "ஒண்ணுமில்லடி தங்கம், ஒண்ணுமில்ல, அம்மா இந்தா வந்துருவா" என்றாள். கூட வந்த சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு ஒண்ணுமில்ல சொன்னார்கள். பிள்ளை இன்னும் வீறிட்டாள்.

"அக்கா, செத்த சும்மா இரு" என்று அதட்டிவிட்டு, மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "பயமா இருக்காடா?"

தலையாட்டினாள்.

"அப்பாவுக்கும் பயமாத்தான் இருக்கு."

அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அப்பாவுக்கெல்லாம் பயம் வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை போல. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எம்புட்டு?" என்று கேட்டாள்.

அத்தனை பேரும் பார்க்க, நான் இரண்டு கைகளையும் எட்டும் மட்டும் விரித்துக் காட்டினேன்.