முதுகுப் பக்கத்து கிளிப்

ஹெப்சிக்குக் குக்கரைக் கண்டால் பயம். இதை ராஜகீழ்ப்பாக்கத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒற்றைக் குரலில் உட்கார வைப்பவள். அப்படிப்பட்டவள் வீட்டில் குக்கரை அடுப்பில் ஏற்றியதும் ஹாலுக்கு வந்துவிடுவாள். விசிலைக் கேட்டு அடுப்பை அணைப்பது கணவன் மெர்வினின் வேலை. கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளில் மகள் ஏஞ்சலையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கே போய் நிற்பாள். அடைத்து வைத்த எதுவும் ஒரு நாள் வெடித்தே தீரும் என்பது அவள் கட்சி.

இவளுக்கு வாய்த்த புருஷன், நாற்பத்திரண்டு வயதில், காற்று அடைத்த டேங்க் ஒன்றை வாங்கி வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

எல்லாம் அவனோடு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் ஹர்ஷா பண்ணிய காரியம். ஏர்சாஃப்ட் என்று ஒரு விளையாட்டு. நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் ஒன்றில் மிளகளவு பிளாஸ்டிக் குண்டுகளைப் போட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொள்வார்கள். மெர்வின் வாங்கிய துப்பாக்கி காற்றில் ஓடுவது. தண்ணீர் பாட்டில் அளவு டேங்க்கை உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு டியூப் துப்பாக்கிக்குப் போகும். உள்ளே எவ்வளவு காற்று என்று ஹெப்சி கேட்டாள். ஸ்கூட்டர் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு என்று அவன் பெருமையாகச் சொன்னான். அன்றிலிருந்து அவள் அந்த டிவியில் சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

டேங்க்கை வாங்கியாயிற்று, சுமப்பது எப்படி? பெல்ட்டில் மாட்டினால் இடுப்பை ஒரு பக்கமாக இழுத்தது. பையில் போட்டு முதுகில் மாட்டினால், ஓடும்போதெல்லாம் தண்டுவடத்தில் இடித்தது. மெர்வினுக்கு ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தான். இத்தோடு சனியன் ஒழிந்தது என்று ஹெப்சி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டாள்.

பரணைச் சுத்தம் செய்தபோது ஏஞ்சல் கைக்குழந்தையாக இருந்த காலத்துத் தொட்டில் பை கிடைத்தது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கட்டிக்கொண்டு நடக்கிற பை. ஒரு வருஷம் முழுக்க அதில் ஏஞ்சலைச் சுமந்தவனுக்கு அப்போது முதுகு ஒரு நாளும் வலித்ததில்லை. பேசாமல் இதில் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள் உங்கள் இரண்டாவது பிள்ளையை என்று அவள் கிண்டலாகச் சொன்னாள். அவன் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

டேங்க் அதில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. ஆடவில்லை, இடிக்கவில்லை. ஏஞ்சல் தலை சாய்த்த அதே இடத்தில், நேராக நெஞ்சின் மேல். எங்கே நழுவி விழுந்துவிடுமோ என்று, கால் நுழைக்கும் ஓட்டை இரண்டையும் அவளே கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

அந்தப் பையில் ஒரு சங்கடம் உண்டு. தோள்வார்கள் இரண்டும் பின்னால் போய், முதுகுக்கு நடுவே ஒரு கிளிப்பில் சேரும். போட்டிருப்பவர் கைக்கு அது எட்டாது. குழந்தைக்கான பை என்பதால் லேசில் கழன்றும் வராது. இரண்டு பக்கத்தையும் நடுவில் இருக்கும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அந்த வித்தை ஹெப்சிக்குத்தான் தெரியும். அவள் மெர்வினின் தோள் உயரம்தான். அதனால் அவன் திரும்பி நின்று முழங்காலைக் கொஞ்சம் மடித்துக் கொடுப்பான். ஏஞ்சல் காலத்தில் தினமும் அப்படித்தான்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கிளிப் மாட்டிவிட ஹெப்சியும் கூடப் போக வேண்டியதாயிற்று. செம்பாக்கத்தில் அக்கா ஜோசலின் வீட்டில் ஏஞ்சலை விட்டார்கள். டேங்க்கை ஸ்கூட்டரில் மெர்வினின் காலடியில் வைத்துக்கொண்டு திருநீர்மலைப் பக்கம் போனார்கள். ஹெப்சி சீட்டின் கடைசி நுனியில், விழுந்தாலும் பரவாயில்லை என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

மலைக்கு அந்தண்டை ஒரு பழைய கல்குவாரி ஓரம்தான் மைதானம். சுற்றிலும் வலை, உள்ளே தகர டிரம்கள், டயர் அடுக்குகள், பாதி கட்டிய சுவர்கள். மைதானத்தை நடத்தும் நிகில் டேங்க்கில் காற்று நிரப்பினான். மெர்வின் ஃபுல்லாகவே போடச் சொன்னான். பிறகு அதை சிமெண்டு பெஞ்சில் வைத்துவிட்டு ஹர்ஷாவோடு பேசப் போனான். பேச்சு நீண்டது. பெஞ்சில் வெயில் கொளுத்தியது. பால் பாக்கெட்டைக் கூட வெயிலில் விடக் கூடாதே, நிழலில் எடுத்து வைக்கலாமே என்று ஹெப்சிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தொடப் பயம்.

கடைசியில் அவளே கிளிப்பையும் மாட்டிவிட்டாள். அவன் முழங்காலை மடித்துக் கொடுத்தான். முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டு சின்னப் பையனைப் போலத் துள்ளி உள்ளே போனான்.

ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஓர் அலறல். நூறு குக்கர் சேர்ந்து விசிலடித்தால் எப்படியோ அப்படி, நிற்காமல். ஆட்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு நாலாபக்கமும் சிதறினார்கள். முதலில் ஓடியவன் ஹர்ஷா. திடலின் நடுவே மெர்வின் மட்டும் நின்றான். அவன் நெஞ்சிலிருந்து வெள்ளையாகப் புகை போல ஏதோ சீறிக்கொண்டிருந்தது. டேங்க்கை உருவப் பார்த்தான். ஹெப்சி போட்ட கயிறு விடவில்லை. கைகள் முதுகுக்குப் போய்ப் போய், எட்டாமல் திரும்பின.

இதோ வெடிக்கப் போகிறது, இதோ போகப் போகிறான், கட்டிவிட்டவள் நான்தான் என்று ஹெப்சியின் மண்டைக்குள் ஒரே கூச்சல். கால் மட்டும் யாரையும் கேட்கவில்லை. வலையைத் தூக்கி நுழைந்து அவள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள்.

மெர்வின் அவளைப் பார்த்தான். பார்த்ததும் திரும்பி எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தான்.

டிஸ்க் நோயாளி அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. டிரம்மைச் சுற்றி, டயரைத் தாண்டி, குவாரிப் பள்ளத்தைப் பார்த்து ஓடினான். பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்றே அவள் நினைத்தாள். என்னங்க, நில்லுங்க என்று கத்திப் பார்த்தாள். அந்த அலறலில் அவளுக்கே கேட்கவில்லை. அப்போதுதான் அடிவயிற்றிலிருந்து அந்த வகுப்பறைக் குரல் வந்தது.

"மெர்வின்! நில்லு!"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் நின்றான். மூன்றாம் வகுப்புப் பையன் எப்படி நிற்பானோ அப்படி நின்றான். அவள் பின்னால் வந்து சேர்ந்ததும் அவன் முழங்கால் தானாக மடிந்தது.

விரல் வியர்வையில் வழுக்கியது. முதல் தடவை அமுக்கியபோது நடுப் பொத்தான் இறங்கவில்லை. ஏசப்பா, ஏசப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கழற்றும் பழைய பழக்கத்தில் விரலை விட்டாள். கிளிப் விட்டது. அவன் பையை டியூபோடும் துப்பாக்கியோடும் பிய்த்து டயர்களுக்குப் பின்னால் எறிந்தான். அவளைச் சுவரடியில் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டான்.

அலறல் முனகலாயிற்று. பிறகு நின்றுவிட்டது. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தாழ்வாகப் போவது அப்போதுதான் காதில் விழுந்தது.

நிகில் வந்து டேங்க்கை எடுத்துக் காட்டினான். வாய்ப் பக்கம் பனி பூத்திருந்தது. வெயிலில் காற்று சூடாகி அழுத்தம் ஏறிவிட்டதாம். அப்படி ஏறினால் டேங்க் வெடிக்காமல் இருக்கத்தான் அதில் ஒரு சின்னச் செம்புத் தகடு வைத்திருக்கிறார்களாம். அது கிழிந்து காற்றை வெளியே விட்டுவிடுமாம்.

"அப்படியே நின்னிருந்தா தானா காலியாயிருக்கும்க்கா. நீங்க ஓடி வந்திருக்கவே வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் குரலுக்கு நான்கூட அங்கேயே நின்றுவிட்டேன் என்றான் ஹர்ஷா. ஹெப்சியும் சிரித்தாள்.

திரும்பும்போது பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மெர்வினை ஒட்டி உட்கார்ந்தாள். டேங்க்கை நிகிலிடமே விட்டாயிற்று. தாம்பரம் தாண்டியதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழற்ற வந்தவளைக் கண்டு ஓடுகிற மனுஷன் உலகத்தில் உண்டா, எதற்காக அப்படி ஓடினீர்கள் என்று கேட்டாள்.

சிக்னலில் வண்டி நின்றபோது, திரும்பாமல் சொன்னான்.

"வெடிச்சா என்னோட போகட்டும்னுதான். ஏஞ்சலுக்கு ஒருத்தராவது இருக்கணும்ல, ஹெப்சி."

சிக்னல் விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வண்டி நகர்ந்தது.

ஹெப்சி அந்த ஓட்டத்தை மனதுக்குள் மறுபடி ஓடிப் பார்த்தாள். வலையைத் தூக்கியபோது மெர்வின் இருந்தான். டிரம்மைச் சுற்றியபோது மெர்வின் இருந்தான். விரல் வழுக்கியபோதும் அவன்தான். ஏஞ்சல் எங்குமே இல்லை. பெற்ற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்பது ஒரு நொடி கூட அவள் நினைப்பில் வரவில்லை. அவன் நினைத்தான், தான் நினைக்கவில்லை. அந்தத் தகடு கிழியாமல், நிஜமாகவே வெடித்திருந்தால்? குக்கருக்கும் சிலிண்டருக்கும் பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

செம்பாக்கத்தில் ஜோசலின் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஏஞ்சல் ஓடி வந்தாள். அம்மாவின் தோளில் தொங்கிய பையைப் பார்த்து, இதில்தான் அப்பா என்னைத் தூக்கினாரா என்று கேட்டாள். ஹெப்சி வாசலிலேயே மண்டியிட்டு அவளை அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, மூச்சு முட்டுது. விடும்மா."

ஹெப்சியால் உடனே விட முடியவில்லை.