திரைக்குப் பின்னால் நான்கு பெட்டிகள்

கடைக்காரர் கொடுத்திருந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நாற்பத்துமூன்று கழிந்துவிட்டது. புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்த புதிய ஸ்பீக்கர் ஜோடி, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அது மிலுடினுடையது. இப்போது வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி.

பழைய ஜோடியின் கதி ஏற்கெனவே முடிவாகியிருந்தது. புதியது தேறிவிட்டால் பழையதை மச்சான் வுகாஷின் எடுத்துக்கொண்டு போவான். அவனுக்கு ஸ்ரெனியானின் என்ற ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. காற்றடிக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து இடம் தயார் செய்துவிட்டான்.

"அந்தத் தூசியில ஒரு மாசம் தாங்காது," என்று நண்பன் கொஸ்தா சொன்னான்.

"தாங்க வேணாம். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கேட்டாச்சு," என்றார் மிலுடின். மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் பீச் என்கிற கடின மரத்தை அறுத்து அவரே செய்த பெட்டிகள். "எப்பப் பாத்தாலும் சளி பிடிச்ச மாதிரியே பாடும். காது இருக்கறப்பவே ஒரு நல்ல பெட்டி கேட்டுடணும்யா."

கொஸ்தா பல் டாக்டர். மிலுடினோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஸ்பீக்கர் விஷயத்தில் இருவரும் எதற்கும் ஒத்துப்போனதில்லை. ஆகவே நியாயமாக நடத்த மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் விஷ்ன்யாவைக் கூப்பிட்டார்கள்.

விஷ்ன்யாவுக்கு இருபத்தாறு வயது. குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் ஒரு நாளில் பேசுவதையெல்லாம் ஒரு சோதனைக் குழாயில் அடைத்துவிடலாம் என்பான் கொஸ்தா. ஆனால் அவள் அளந்தால் அளந்ததுதான் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் எத்தனை கிலோ தாங்கும் என்ற சண்டையைக்கூட அவள்தான் தீர்த்துவைத்தாள்.

காலையிலேயே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். புத்தக அலமாரியின் நடுத்தட்டில் நான்கு பெட்டிகளையும் வரிசையாக வைத்தாள். சத்தமானி வைத்து இரண்டு ஜோடியின் ஒலி அளவையும் சமமாக்கினாள். சத்தம் கொஞ்சம் கூடினாலே மனிதக் காது அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். ஜோடி மாற்றுவதற்குக் கொஸ்தா வீட்டிலேயே செய்த ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் ஒரே ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் பழசு, மறுபக்கம் திருப்பினால் புதுசு. குமிழின் முகத்தில் கொஸ்தா அதைப் பேனாவால் எழுதியும் வைத்திருந்தான். யாராவது கழிவறைக்குப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டால்? விஷ்ன்யா குமிழைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டு எழுத்தை அழித்து, மறுபடி மாட்டினாள். பிறகு நாணயம் சுண்டினாள். பழையது ஒன்றாம் நம்பர், புதியது இரண்டாம் நம்பர் என்று விழுந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மிலுடினின் மனைவி தெசங்கா, தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது, பெட்டிகளை நகர்த்துவதற்காக எடுத்து வைத்திருந்த சீமைமாதுளைகளைப் பழைய பெட்டிகள் மேலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனாள். மஞ்சளாக, கைக்குள் அடங்காத பழங்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த அறைக்கு அவற்றின் வாசனைதான். "பெட்டி போறப்ப போகட்டும். அதுவரைக்கும் பழம் எங்க போகும்?" என்றாள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மெல்லிய ஜன்னல் திரையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். விஷ்ன்யா திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கையில் நோட்டு. அவளுக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

விதி ஒன்றுதான். எந்த நம்பர் நன்றாக இருந்தது என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

முதல் சுற்று, அக்கார்டியன். "ஒண்ணு," என்றாள் விஷ்ன்யா. அரை நிமிடம் வாசித்தது. குமிழைத் திருப்பினாள். "ரெண்டு."

"ஆஹா!" என்றார் மிலுடின். "ஒண்ணாம் நம்பர் என்னோட பழசு. சளி சத்தம் கேட்டீங்கல்ல?"

"எழுதுங்க மாமா," என்றாள் விஷ்ன்யா.

"எழுதறேன்டா கண்ணு. ஆனா இதுக்குக் காகிதம் எதுக்கு? ரெண்டாவது வந்தப்ப ஜன்னலத் திறந்த மாதிரி இருந்துச்சே!"

"ஜன்னல் இல்லடா, சுவரே போயிடுச்சு," என்றான் கொஸ்தா.

"உன் பல்லு மெஷின் சத்தத்துல உன் காது எப்பவோ செத்துப்போச்சு. உனக்கே கேக்குதுன்னா பாத்துக்கோ."

திரைக்குப் பின்னால் விஷ்ன்யா சிரித்துக்கொண்டாள். சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு சந்தேகம் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தது. காலையில் அளக்கும்போது புதியதில் ஒரு கூர்மை இருந்ததே, அது இப்போது அவளுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது சுற்று, ஒரு பெண்ணின் குரல். இரண்டு காகிதத்திலும் "ரெண்டு" என்றே வந்தது. பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டதாகக் கொஸ்தா அடிக்கோடிட்டு எழுதியிருந்தான்.

மூன்றாவது சுற்று, டபுள் பாஸ். இரண்டாம் நம்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது வுகாஷின் வந்துவிட்டான். நான்கு மணிக்கு வரச் சொன்னவன் மூன்றுக்கே வந்து, செருப்பை வாசலில் உதறிவிட்டு, சாக்ஸோடு கதவடியில் நின்றான். கொஞ்ச நேரம் கேட்டான்.

"நம்ம பெட்டி இவ்வளவு நல்லாவா பாடுது! சும்மாவே கொடுக்கறீங்களே மாமா, பாவம் நீங்க."

இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"மச்சான், அது புதுசு!" என்றார் மிலுடின். "உன்னோடது ஒண்ணாம் நம்பர். அதைக் கேட்டா அழுதுடுவ."

"அப்படியா? எனக்கென்ன தெரியும், எனக்கு டயர்ல காத்து இருக்கா இல்லையான்னுதான் தெரியும்."

விஷ்ன்யா சிரிக்கவில்லை. அவள் சீமைமாதுளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பெட்டியின் மேல் இருந்த பழத்தின் காம்பில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. டபுள் பாஸ் கீழே இறங்கும்போதெல்லாம் அந்த இலை நடுங்கியது. ஆனால் இப்போது வாசித்துக்கொண்டிருப்பது புதியது அல்லவா?

கையை நீட்டிப் புதிய பெட்டியின் முகத்தில் விரல் நுனியை வைத்தாள். சுவரைத் தொட்ட மாதிரி அசைவற்று இருந்தது. பழையதில் வைத்தாள். விரல் கூசியது.

குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். கோப்பையில் கரண்டி சுற்றுவது போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. உள்ளே தண்டு நகரவே இல்லை. குமிழைப் பிடித்து நிறுத்தும் சிறு திருகை அவள் காலையில் இறுக்கவில்லை. எழுத்தை அழித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திருப்புளி இன்னும் அவள் சட்டைப்பையிலேயே இருந்தது.

பாட்டு நின்றது. சொல்வதற்கு அதுதான் நேரம். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு நோட்டைப் புரட்டினாள்.

"கடைசியையும் போட்டுடும்மா," என்றான் கொஸ்தா.

நான்காவது, வயலின்கள். இந்த முறை அவள் குமிழைத் தொடவே இல்லை. திரையின் விளிம்பை ஒரு விரல் அளவு விலக்கி மிலுடினைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு."

மிலுடின் முழங்காலைத் தேய்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சூரியகாந்தி விதை ஒன்றை உடைத்து வாயில் போட்டார்.

"ரெண்டு."

மெல்லுவதை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னொரு விதையை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

அதே பெட்டி. அதே பாட்டு. விஷ்ன்யா நோட்டில் எழுதினாள்: ஒன்று, கடிகாரம். இரண்டு, கண் மூடினார். எழுதும்போது ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத நிறம் வந்தால் வருகிற படபடப்பு வந்தது. உடனே காது சூடானது. இவ்வளவு சுவாரசியமாக இருப்பது தப்பு என்று தோன்றியது.

திரையை அவிழ்த்தார்கள். எட்டுக் காகிதத்திலும் இரண்டு. கொஸ்தாவும் மிலுடினும் முதல்முறையாக ஒத்துப்போயிருந்தார்கள். கொஸ்தா பிளம் சாராயத்தை நான்கு சிறு கண்ணாடிகளில் ஊற்றினான்.

"விஞ்ஞானத்துக்கு!" என்றான். "இதே நம்ம ரெண்டு பேரா நடத்தியிருந்தா அடிதடி ஆயிருக்கும். இந்தப் பொண்ணு கையில தப்பு வராதுடா."

விஷ்ன்யா கண்ணாடியைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை.

"எது ரெண்டுன்னு சொல்லுடா கண்ணு," என்றார் மிலுடின். "சொல்லாட்டியும் தெரியும். சும்மா கேட்டு வைப்போம்."

"ரெண்டுன்னு வச்சது... புதுசுதான்," என்றாள். அது பொய் இல்லை. பொய் இல்லாததுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"பாத்தியா!" மிலுடின் போனை எடுத்துக் கடையின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். வுகாஷின் சீமைமாதுளைகளை மேசைமேல் இறக்கி வைத்தான். பழைய பெட்டிகளின் ஒயர்களைப் பிடுங்கினான். ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"என்ன கனம்! ஆள மாதிரி இருக்கே. சாவி எங்க வச்சேன்... மாமா, போர்வை ஏதாவது இருக்கா? டிரெய்லர்ல சிமெண்ட் கிடக்கு."

"போர்வையெல்லாம் எதுக்கு," என்றார் மிலுடின், போனைக் காதில் வைத்தபடி. பிறகு போனைக் கொஞ்சம் இறக்கினார். "அந்த மூலை இடிக்காம எடுத்துட்டுப் போ. கதவு ஓரம்... ஆ, பாத்து."

வுகாஷின் ஒரு செருப்பைக் காலால் துழாவி மாட்டினான். போனில் மணி அடிக்கிற சத்தம் அறைக்கே கேட்டது.

"மாமா," என்றாள் விஷ்ன்யா.

யாருக்கும் கேட்கவில்லை. கொஸ்தா புதிய பெட்டியின் தலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். வுகாஷின் அடுத்த செருப்பைத் தேடினான்.

அவள் கண்ணாடியை மேசையில் வைத்தாள். சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத குரலில் கூப்பிட்டாள்.

"மிலுடின் மாமா! போனை வைங்க. அண்ணே, நீங்களும் அதை இறக்கி வைங்க."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போனிலிருந்து யாரோ ஹலோ ஹலோ என்றார்கள்.

"என்னடா கண்ணு?"

"குமிழ் சும்மா வழுக்கிச்சு, உள்ள தண்டு திரும்பவே இல்ல. நான் திருகை முடுக்கல, என் தப்பு." மூச்சு வாங்கினாள். "புதுசை இன்னிக்கு யாருமே கேக்கல மாமா. ஒண்ணுன்னு சொன்னப்பவும் ரெண்டுன்னு சொன்னப்பவும், நாலு சுத்துலயும், பாடுனது உங்க பழைய பெட்டிதான்."