முன்சீட்டுச் சூடு

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். சைலன்சருக்கு செராமிக் கோட்டிங் அடிக்கலாமா, வேண்டாமா? காலையில் காபி குடிக்கும்போதும் அது, தோசைக்குச் சட்னி ஊற்றும்போதும் அது. என் வீட்டுக்காரர் ஸ்ரீகுமார் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களை ரிப்பேர் பார்க்கிறவர். ஒரு விஷயம் அவர் மண்டையில் ஏறிவிட்டால் இறக்க ஆள் கிடையாது.

பேச்சை ஆரம்பித்து வைத்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். பழங்காநத்தத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். ரெண்டு வருஷமாக நன்றாகத்தான் போகிறது, கேக் வீட்டை விட்டு வெளியே போகும் வரைக்கும். எங்கள் வேன் பழசு. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். பின்னால் முழுக்க அவருடைய பைப்பும் பில்டரும். அதனால் நான் முன்சீட்டில் உட்கார்ந்து கேக் டப்பாவை மடியில் பிடித்துக்கொள்வேன். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது எனக்குத் தொடை வெந்துவிடும், கேக்குக்குக் கிரீம் இளகிவிடும். ஆட்டோவிலும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ரெண்டாவது வேகத்தடையிலேயே கேக் கவிழ்ந்துவிட்டது.

சித்திரையில் திருப்பரங்குன்றத்து மண்டபம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் அனந்தபத்மநாபன் நல்ல மனிதர், ஆனால் கறார்.

"வைகாசிப் பௌர்ணமிக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருக்கும்மா. கேக்கு அலுங்காம வந்து சேந்துச்சுன்னா, இனிமே எங்க மண்டபத்து ஆர்டர் அம்புட்டும் ஒங்களுக்குத்தான்" என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு மண்டபம் முழுக்க எனக்கு! வீட்டு அடுப்படியை விட்டுத் தனியாக ஒரு கடை போடலாம் என்கிற அளவுக்குக் கற்பனை ஓடியது. நடுவில் நின்றது அந்தச் சீட்டுச் சூடு ஒன்றுதான்.

அப்போதுதான் இவர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். இன்ஜினிலிருந்து புகை வெளியே வருகிற இரும்புக்குழாய்தான் சூட்டுக்கெல்லாம் காரணமாம். அதன்மேல் செராமிக் பூசிவிட்டால் சூடு குழாய்க்குள்ளேயே அடங்கிப் பின்பக்கமாகப் போய்விடுமாம். ரேஸ் கார்களுக்கெல்லாம் அதுதானாம். நம்முடைய வேன் எந்த ரேஸுக்குப் போகிறது என்று கேட்டேன். அதற்குப் பதிலாகச் சூடு அளக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கிவந்தார். தோசைக்கல்லை அளந்தார், மொட்டைமாடியை அளந்தார், ஒருநாள் என் நெற்றியையும் அளந்தார். அன்றைக்கு அது எவ்வளவு காட்டியதோ, நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் முத்துக்கருப்பனிடமும் யோசனை கேட்டார்.

"ரேஸ் வண்டிக்கு சரிண்ணே, இதுக்கு என்னத்துக்கு? வண்டியக் கொண்டாங்க, அடியில என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றான் அவன்.

இவர் கொண்டுபோகவில்லை. "அவன்கிட்ட விட்டா ஒரு வேலைக்கு நாலு வேலை சொல்லுவான். நானும் டெக்னீசியன்தான் சாரு" என்றார் என்னிடம். சீட்டைத் தூக்கி, குழாயைத் தானே கழற்றி, கோயம்புத்தூருக்குப் பார்சல் போட்டார். அந்தக் கோட்டிங்காரர் போனில் கேட்டது எனக்கே கேட்டது. "சார், குழாய்க்கு மேல ஹீட் ஷீல்டு இருக்குதுங்களா?"

"கம்பெனி வண்டிங்க. எல்லாம் இருக்கு" என்றார் இவர், கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டே.

பன்னிரண்டு நாள் வண்டி ஓடவில்லை. மூன்று பிறந்தநாள் கேக்குகளை வேண்டாம் என்று சொன்னேன். குழாய் கறுகறுவென்று, புதுத் தோசைக்கல் மாதிரி திரும்பிவந்தது. இவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். நான் பழக்கத்தில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு போனேன். "ஏய், கோட்டிங் மேல கை படக்கூடாது!" என்று அலறினார். எரிச்சலில் குங்குமத்தை என் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மாட்டிய அன்று சாயங்காலம் மாட்டுத்தாவணி வரை ஒரு சுற்று போனோம். துப்பாக்கியைக் குழாய்மேல் நீட்டினார். முன்னைவிடக் குறைவாகத்தான் காட்டியது. "பாத்தியா! சீட்டுலயும் கொறஞ்சிருக்குல்ல?" என்றார். சீட்டு சுட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, அந்த மண்டபத்தையும் நினைத்துக்கொண்டு, "ஆமா, கொறஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றேன். என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன், வேறென்ன சொல்ல?

பௌர்ணமியன்று சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பினோம். மூன்று அடுக்குக் கேக். மேலே ரோஜா நிறத்தில் மைத்ரேயி என்று மணப்பெண்ணின் பெயர். இருபது நிமிஷப் பாதை. ஆனால் கிரிவலத்துக்கு வந்த கூட்டத்துக்காக போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவிட்டார். கம்பு ஊன்றி நடப்பவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கினவர்கள், மோர் விற்கிறவர்கள். முக்கால் மணி நேரம். இன்ஜினை அணைத்தும் சூடு அடியிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. டப்பாவைத் தூக்கிப் பிடித்தேன். வண்டியை விட்டு இறங்கி வெயிலில் நின்றேன். அதுவும் சுட்டது. திரும்ப ஏறினேன். முருகா, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கட்டும் என்று வேண்டினேன்.

தாங்கவில்லை. மண்டபத்தில் டப்பாவைத் திறந்தபோது நடு அடுக்கு ஒருபக்கமாக இறங்கியிருந்தது. பெயரில் பாதி வழிந்து தட்டில் கிடந்தது. அனந்தபத்மநாபன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு பையனைக் கூப்பிட்டு, பக்கத்துப் பேக்கரியில் எது இருக்கிறதோ வாங்கிவரச் சொன்னார். அந்தப் பெண் மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் நானே வண்டிச் சாவியை எடுத்து இவர் கையில் திணித்து, முத்துக்கருப்பன் பட்டறைக்கு வண்டியை விடச் சொன்னேன். கூடவே போனேன். அவன் சீட்டைத் தூக்கினான். ஒரே ஒரு நிமிஷம் பார்த்தான்.

"கோட்டிங்கெல்லாம் நல்லாத்தாண்ணே அடிச்சிருக்காக. மேல வர்ற தகரம் எங்க?"

"எந்தத் தகரம்?"

"ஹீட் ஷீல்டுண்ணே. வளைஞ்சு, கொழாய மூடுற மாதிரி வரும். அது இல்லாம எதைப் பூசினாலும் சீட்டு சுடத்தான் செய்யும்."

இவர் அவனைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். வளைந்த தகரம் என்றதுமே எனக்கு ஸ்டோர் ரூம்தான் கண்முன் வந்தது. வீட்டுக்கு நடந்தேன்.

ஸ்டோர் ரூமில், ஆயுத பூஜைக்கு எடுக்கும் சாமான்களோடு சாமானாக அது கிடந்தது. ஸ்பேனர், துளைபோடும் மெஷின், அரிவாள்மனை, என் கேக் அச்சுகள், அவற்றுக்கு நடுவில் வளைந்த ஒரு தகரம். ஒவ்வொரு வருஷமும் நான்தான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பேன். முதல் வருஷம் இது என்ன என்று கேட்டதற்கு, "வண்டிச் சாமான், இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்று நானும் பொட்டு வைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தேன். சந்தனத்தின் மேல் சந்தனமாக மூன்று பொட்டு.

எடுத்துக்கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். "மூணு வருசமா இதுக்குத்தான் பொரி கடலை வச்சுக் கும்பிட்டிருக்கோம். கழட்டினது யாரு?" என்று கத்தினேன். பட்டறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

இவர் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாக, "நாந்தான். மறந்தே போச்சு. ஒங்க அக்கா கல்யாணத்துக்குப் போறப்ப, வண்டியில என்னமோ கடகடங்குது, தலை வலிக்குது, அதக் கழட்டி எறிங்கன்னு நீதான் சாரு..." என்றார்.

நான்தான். ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கேக் தொழிலும் இல்லை, மடியில் பிடிக்க ஒன்றும் இல்லை. சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பட்டறை வாசலில் நின்றேன்.

முத்துக்கருப்பன் குங்குமத்தைக்கூடத் துடைக்கவில்லை. நாலு போல்ட்டு, பத்து நிமிஷம். "கோட்டிங்கும் இருக்கு, தகரமும் இருக்கு. இனிமே சீட்டுல தூங்கலாம்க்கா" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோவில் சின்னதாக ஒரு கேக் செய்து, அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, மன்னிப்புக் கேட்பதற்காக மண்டபத்துக்குப் போனோம். உச்சி வெயில். பைபாஸ் ரோட்டில் நெரிசல். சீட்டு சுடவே இல்லை. டப்பாவைத் திறந்தபோது ஒரு எழுத்துகூட அசைந்திருக்கவில்லை. அனந்தபத்மநாபன் பார்த்துவிட்டு, "இதே மாதிரி அன்னைக்குக் கொண்டாந்திருக்கக் கூடாதாம்மா? இப்ப வேற ஆளுக்குச் சொல்லியாச்சே. பொண்ணு வீட்டுல இதக் குடுத்துடுறேன்" என்றார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

திரும்பும்போது மடி காலியாக இருந்தது. சீட்டுக்கு அடியில் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது. தலை விண்விண் என்று தெறித்தது. இவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டினார்.

"சத்தம் ரொம்பக் கேக்குதா? கழட்டிரவா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. வண்டிய எடுங்க" என்றேன்.