தலையால் அடித்த கோலும் பார் ரெண்டும்

"தலையால் ஊரைத் தலைநிமிர வைத்த தலைவர்" என்று அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சடித்தாகிவிட்டது. அந்த வரியை எழுதியவரும் தலைவர் கனகசபாபதியார்தான். சண்டிலிப்பாய் விளையாட்டுக் கழகத்தின் புதிய அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டும் விழா அன்று பின்னேரம்.

நாற்பது வருடங்களுக்கு முன்னர், மயிலிட்டி அணிக்கெதிரான உதைபந்தாட்ட இறுதி ஆட்டத்தில் அவர் வெற்றிக் கோலைத் தலையால் அடித்தார் என்பது ஊரறிந்த சங்கதி. பந்து அவர்மேல் பட்டுக் கோலுக்குள் போனது உண்மை. பட்ட இடம்தான் தலை இல்லை. ஆட்டத்தைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் கனடாவில். மீதிப்பேர் அவர் சொல்லக் கேட்டுக் கேட்டுத் தாங்களும் தலையைத்தான் பார்த்ததாக நம்பிவிட்டார்கள்.

இப்படி எல்லாம் சுமுகமாய்ப் போகையில், மயிலிட்டியின் அன்றைய கோல்காப்பாளர், இப்போது ஒஸ்லோவில் ஓய்வூதியக்காரர், வேலையைக் காட்டிவிட்டார். கலியாண வீடியோக்காரர் ஒருவர் அன்று பிடித்த கசற்றைத் தேடியெடுத்து, இன்ரநெற்றின் பழைய மூலையான யூஸ்நெற்றில், ஒரு நியூஸ்குரூப்பில் ஏற்றிவிட்டார்.

சேதி கேட்டுக் கழகச் செயலாளர் பொன்னம்பலம் துள்ளினார். "விழாவிலை போட்டுக் காட்டுவம் தலைவர்! தலையடியைப் பெரிய திரையிலை பாக்கவேணும்!"

கணினி அறிவில் தன்னை மிஞ்ச வலிகாமத்தில் ஆளில்லை என்று சொல்லித் திரிந்த கனகசபாபதியார், "உது எனக்குச் சின்ன விசயம்" என்று வாயை விட்டார். சின்ன விசயத்தைச் செய்யச் சுன்னாகத்திலிருந்து தங்கையின் மகள் நிரோஜினி ஸ்கூட்டியில் வந்திறங்கினாள். அவருடைய லப்டொப்பில் பைல்கள் வரிசை வரிசையாக இறங்கின.

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவு பைலோ பிள்ளை?"

"யூஸ்நெற்றிலை பெரிய பைலை முழுசா ஏத்தேலாது மாமா. வெட்டி வெட்டித்தான் போடுவினம். நம்பர் போட்டுக் கிடக்கிற உந்த ரார் எல்லாம் வீடியோத் துண்டுகள். முழுக்க இறங்கினாப்பிறகு முதலாவதைத் திறந்தால் காணும், மற்றதுகள் தானாச் சேரும். அடியிலை கிடக்கிற பார் ரெண்டு எண்ட பைல் என்னெண்டால்..."

"தெரியும், தெரியும்." கனகசபாபதியார் கையை உயர்த்தினார். "பார் எண்டால் பாக்கிறது. பார் ரெண்டு எண்டால் ரெண்டாந்தரம் பாக்கிறது. றீப்பிளே!"

நிரோஜினி சிரிப்பை விழுங்கினாள். "மாமாவுக்குத் தெரியாத சங்கதியும் இருக்கோ?" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

கோல் விழுந்தது ஆட்டத்தின் கடைசியில். ஆகவே கடைசி மூன்று ரார் துண்டுகளைக் கனகசபாபதியார் அழித்தார். குப்பைத் தொட்டியையும் மறக்காமல் காலியாக்கினார். பார் ரெண்டில் கை வைக்கவில்லை. முதற்தரமே பார்க்க ஒன்றுமில்லாதபோது இரண்டாந்தரம் எதைப் பார்ப்பது?

தேத்தண்ணியோடு வந்தவள் திரையை உற்றுப் பார்த்தாள். "மாமா, மூண்டு துண்டைக் காணேல்லை."

"கடலுக்கடியாலை எல்லே வருது பிள்ளை, வழியிலை துலைஞ்சிருக்கும். பறவாயில்லை. கடைசிக் கட்டத்தை நான் வாயாலை சொல்லிவிடுறன்."

"உங்களுக்கேன் மாமா வீண் கரைச்சல்? துலைஞ்சால் எடுக்கத்தானே பார் ரெண்டு இருக்கு!" அவள் அதை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. "மிச்சத் துண்டுகளை வைச்சுக் கணக்குப் போட்டு, இல்லாததை அப்பிடியே திரும்பச் செய்துபோடும். பார் எண்டால் பாக்கிறதில்லை மாமா. பழுது பார்!"

தேத்தண்ணி அவருக்கு மூக்கில் ஏறியது. "காணும் பிள்ளை, நிப்பாட்டு!"

"ஏன் மாமா, உங்கடை தலையைக் காப்பாத்தத்தானே பாடுபடுறன்?"

மூன்று துண்டும் முளைத்தன. வீடியோ ஒட்டிக்கொண்டது. அதற்குள் வாசலில் வந்து நின்ற பொன்னம்பலம், அவள் வீடியோவை ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பறந்தார்.

பின்னேரம் ஊரே திரைக்கு முன்னால். கடைசிக் கட்டம். கோர்னர் அடி. ஒல்லியான கனகசபாபதி கோலுக்கருகே குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். பந்து பறந்து வந்து, அவருடைய பின்பக்கத்தில் அறைந்து, திசை மாறி, வலைக்குள் புகுந்தது. சத்தம் கேட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

சனம் வெடித்துச் சிரித்தது. கதிரைகள் ஆடின.

"இன்னொருக்காப் போடு!" என்று பின்வரிசை கத்தியது.

"பாத்தியே," கனகசபாபதியார் மருமகளின் காதுக்குள் சீறினார், "ரெண்டாந்தரம் பாக்கிறதுக்குத்தான் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

பொன்னம்பலம் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அன்பர்களே, எங்கடை கழகம் எப்பவும் தலைவற்றை பின்னாலைதான்!"

கைதட்டல் ஓயவில்லை. கனகசபாபதியார் சால்வையைச் சரிசெய்து எழுந்தார். "கோல் கோல்தானே?" என்றார், சற்று உரத்து. ஓம், கோல்தான் என்று சனமும் ஒத்துக்கொண்டது. அந்தத் தெம்பில் அரங்கின் பெயரை மூடியிருந்த திரைச்சீலையை இழுத்தார். பெயர்ப்பலகையிலும் அழைப்பிதழின் அதே வரி; அதில் "தலையால்" என்பது தங்கமாய்ப் பளபளத்தது.

நிரோஜினி கழுத்தைச் சாய்த்து வாசித்தாள்.

"மாமா, ஒரு சொல்லுத்தான் பழுது. பாக்கட்டோ?"