சென்னியப்பன் தோட்டத்து மரக்கோட்டை

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் பெனடிக்ட், ஞாயிறுதோறும் சேலத்தில் காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி, பரமத்தி வேலூர் பக்கம் சென்னியப்பன் தோட்டத்துக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு மேடு, சுற்றிலும் பள்ளம். மேட்டின்மேல் இரண்டு வரிசைக் குழிகள். மண்ணைக் கிளறினால் கரி. இவ்வளவை வைத்துக்கொண்டு எண்ணூறு வருசத்து மரக்கோட்டை ஒன்றை அவர் எழுப்பிவிட்டார். அரசன் மட்டும்தான் பாக்கி.

குழிகள் தூண் நட்டவை. கரி, பகைவர் வைத்த தீ. மேடு கிழமேலாக நீண்டு கிடப்பதால் அரசன் சூரியனை வணங்கியவன். தோண்டத் தோண்டக் கோழி எலும்பு வந்தது. அது வெற்றி விருந்து. கோட்டையே எரிந்த பிறகு விருந்து வைத்தது யார் என்பதைக் கட்டுரையின் இரண்டாம் பதிப்புக்கு ஒதுக்கியிருந்தார்.

முதல் நாளே தோட்டத்துச் சொந்தக்காரரிடம், "இது கோட்டைதானே ஐயா?" என்று கேட்டார். சென்னியப்பன், "ஆமாங்க" என்றார். தேடி வந்தவர் பேச்சை மறுக்கிற வழக்கம் அந்தப் பக்கம் இல்லை. வெயில் அதிகம் என்றாலும் ஆமாங்க, குறைவு என்றாலும் ஆமாங்க. பெனடிக்டின் அறுபத்து நாலு பக்கக் கட்டுரையில் இது, 'தலைமுறைகளாக வழங்கிவரும் வாய்மொழிச் சான்று' என்று ஏறியது.

அது கோழிக் கொட்டகை. கட்டியவரே சென்னியப்பன்தான். உள்ளே வெயில் விழாதிருக்கக் கிழமேலாகப் போட்டார். முப்பது வருசத்துக்கு முன் வெள்ளைக் கழிச்சல் வந்து கோழிகள் மொத்தமும் செத்தபோது, அங்கேயே புதைத்துக் கொட்டகைக்குத் தீ வைத்தவரும் அவரே. அந்தப் பகைவர்தான் வாராவாரம் பெனடிக்டுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பனின் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருசம். மகன் கலையரசன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில். மற்ற ஆறு நாளும் தோட்டத்தில் சத்தம் போடுவது மோட்டார் ஒன்றுதான், அதுவும் கரண்ட் இருந்தால். உண்மையைச் சொன்னால் மனுசன் வரமாட்டார். சென்னியப்பன் சொல்லவில்லை.

மூன்றாம் வருசம் தொல்லியல் அதிகாரி சரிதா பார்வையிட வந்தார். பெனடிக்ட் அவருக்குச் சால்வை போர்த்திவிட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். சரிதா துருப்பிடித்த கம்பி வலைத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது என்ன சார்?"

"கவசத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம்."

சரிதா சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "ஏனுங்கய்யா, எங்கப்பாவும் மோகனூருல பண்ணை வெச்சிருந்தாருங்க. இது கோழிக் கொட்டாய்தானுங்களே?"

"ஆமாங்க" என்றார் சென்னியப்பன். யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

ஜீப் போகும்வரை பெனடிக்ட் கட்டுரைத் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார்.

"அத்தன தூரத்துல இருந்து வாரீங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரலீங்க."

"எனக்கு வேற ஞாயித்துக்கிழமை கிடையாதுய்யா."

தனக்கும் இல்லை என்று சென்னியப்பன் சொல்லியிருக்கலாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இரண்டு ஞாயிறு பெனடிக்ட் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு சென்னியப்பன் கடப்பாரையும் மண்வெட்டியுமாக மேட்டில் ஏறினார். மத்தியானம் குழிக்குள் நின்றபடியே போன் போட்டார்.

"சார், கொட்டாய் மட்டுந்தாங்க நான் போட்டது. மேடும் பள்ளமும் எங்கப்பன் இந்தத் தோட்டங்காடு வாங்கறப்பவே இருந்துச்சுங்க. ஆரு போட்டதுன்னு அவருக்கும் தெரியாது. கொட்டாய்க்கு அடியில இன்னிக்கு இடுப்பளவு தோண்டிட்டேன்."

"என்ன இருக்கு?"

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். செம்மண். அதற்குக் கீழே வெள்ளைச் சரளை.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார். "வந்து பாருங்க."

பெனடிக்ட் போனை வைக்கவில்லை. "மேல தோண்டிடாதீங்கய்யா, நான் வந்துடறேன்" என்றார்.